"நல்லா தூங்குறாரு, எழுப்பாதீங்க!"

பதிவு எழுதி நாலு மாசம் ஆச்சு. ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி, வீட்ல அதைவிட ஜாஸ்தி. மொக்கை போடக்கூட நேரமில்லாம இருந்தவனை இன்னிக்கு ராத்திரி பதினொரு மணிக்கு உக்காந்து தட்டச்ச வெச்சது ஒரே ஒரு வாக்கியம். தலைப்புல இருக்கே, அதேதான்.

கூட வேலை பாக்குற ஒருத்தரோட அப்பாவுக்கு குடலிறக்க ஆபரேஷன். சாயந்திரம் பழம் வாங்கிட்டுப் போய்ப் பார்த்தேன். மனுஷன் நல்ல கனமான உடம்பு, கழுத்துன்னு தனியா ஒண்ணு இல்லை. மல்லாக்கப் படுத்திருக்கார். மூஞ்சில ஆக்ஸிஜன், விரல்ல கிளிப். குறட்டைன்னா குறட்டை, ஜன்னல் கண்ணாடி அதிருது. அம்மா சந்தோஷமா சொல்றாங்க: "மத்தியானம் வரைக்கும் வலியில துடிச்சாருங்க. ஊசி போட்டாங்க. இப்பப் பாருங்க, எப்படி அசந்து தூங்குறாரு!"

நான் தோளைத் தட்டி எழுப்பப் போனேன். நர்ஸ் ஓடி வந்து சொன்னாங்க: "சார், நல்லா தூங்குறாரு, எழுப்பாதீங்க!"

எழுப்பிட்டுத்தான் வந்தேன். கண்ணைத் திறந்து, பெருசா ஒரு மூச்சு இழுத்து, "யாருப்பா?"ன்னார். ரூம்ல எல்லாரும் என்னை லூசு மாதிரி பார்த்தாங்க.

ஆமாங்க, லூசுதான். 2017-ல இருந்து இந்த விஷயத்துல நான் லூசு. ஏன்னு சொல்றேன். கும்மியெல்லாம் அப்புறம் அடிச்சுக்கலாம், இதை முழுசாப் படிங்க.

*

எங்க சித்தப்பா கோவில்பட்டியில மளிகைக்கடை வெச்சிருந்தவர். அஞ்சரை அடிக்குச் சொச்சம் உயரம், நூத்தி நாலு கிலோ எடை. கல்லாவுல உக்காந்தபடியே தூங்குவார். பாதி வார்த்தையில கண் சொருகும், "ரெண்டு கிலோ துவரம்..."னு நின்னுடும், அப்புறம் அவரே முழிச்சு "...பருப்பு, வேறென்ன?"ம்பார். நாங்க சின்ன வயசுல இதைப் பார்த்து சிரிச்சிருக்கோம். ராத்திரி அவர் குறட்டைக்குப் பயந்து மொட்டைமாடியில போய்ப் படுத்திருக்கோம். "கும்பகர்ணன்"னு பட்டப்பேரு வேற. அது ஒரு வியாதின்னு வீட்ல ஒருத்தருக்கும் தெரியாது. அவரைப் பார்த்த எந்த டாக்டரும் சொல்லல.

2017-ல வலது முட்டி மாற்று ஆபரேஷன். ஒரு பெரிய ஊர்ல, பெரிய ஆஸ்பத்திரி (பேர் வேண்டாம்). ஆபரேஷனுக்கு முன்னாடி கேட்டாங்க பாருங்க கேள்வி: சுகர் இருக்கா, பி.பி. இருக்கா, பல்செட் இருக்கா, நகை போட்டிருக்கீங்களா, இன்ஷூரன்ஸ் கார்டு எங்கே. "குறட்டை விடுவீங்களா?"ன்னு மட்டும் யாரும் கேக்கல.

ஆபரேஷன் அருமையா முடிஞ்சது. சாயந்திரம் மரத்துப்போனது விலகினதும் வலி. மார்ஃபின் ஊசி போட்டாங்க. ஒன்பது மணிக்கு நரம்பு வலிக்குன்னு ப்ரீகாபலின். "தூக்கம் வரலை"ன்னு புலம்பினதும் பத்தரைக்கு ஒரு தூக்க மாத்திரை. மூணையும் எழுதினது மூணு வேற வேற ஆளு. மூணும் ஒரே மனுஷனுக்குள்ள போய் கைகோத்துக்கும்னு ஒருத்தரும் யோசிக்கல.

பதினொரு மணிக்கு ஆள் அவுட். குறட்டை வராண்டா வரைக்கும் கேட்டது. நர்ஸ் வந்து கிளிப்பைப் பார்த்தாங்க, ஆக்ஸிஜன் 97. அட்டையில எழுதிட்டு, சிரிச்சுக்கிட்டே என்கிட்ட அந்த வாக்கியத்தைச் சொல்லிட்டுப் போனாங்க. நானும் கீழ பாயை விரிச்சுப் படுத்துட்டேன்.

ரெண்டேகால் மணிக்கு எனக்கு முழிப்பு வந்தது. எந்தச் சத்தத்தாலயும் இல்லை. சத்தம் நின்னு போனதால.

எழுந்து பார்க்கிறேன். நெஞ்சும் வயிறும் எதிரும் புதிருமா லேசா அசையுது, மூக்குல காத்து இல்லை. உதடு நாவப்பழம் தின்ன மாதிரி. உலுக்குறேன், "சித்தப்பா சித்தப்பா"ன்னு கத்துறேன், அசைவே இல்லை. கும்பகர்ணனை எழுப்ப ராவணன் ஒரு படையையே அனுப்பினானாம். அன்னிக்கு அங்க நான் ஒருத்தன்தான்.

அப்புறம் ஓட்டம், சத்தம், டியூட்டி டாக்டர், பையை வெச்சு காத்து அழுத்துறது. நலோக்சோன்னு ஒரு மாற்று மருந்தை நரம்புல ஏத்தினதும் ரெண்டு நிமிஷத்துல "அய்யோ, காலு!"ன்னு அலறிக்கிட்டு முழிச்சார். என் வாழ்க்கையில கேட்ட அலறல்களிலேயே இனிமையான அலறல் அது. முக்கால் மணி நேரம் கழிச்சு மறுபடி சொக்க ஆரம்பிச்சார். நலோக்சோன் சீக்கிரம் வடிஞ்சிடும், மார்ஃபின் உள்ளேயே உக்காந்திருக்கும். மறுபடி மருந்து. ரெண்டு நாள் ஐ.சி.யூ.

டிஸ்சார்ஜ் தாள்ல என்ன எழுதினாங்க தெரியுமா? "மார்ஃபின் அலர்ஜி."

அந்த ரெண்டு வார்த்தை அடுத்து என்ன பண்ணுச்சுன்னு பின்னாடி சொல்றேன்.

*

முதல்ல, நடந்தது என்ன? நான் டாக்டர் இல்லை, பேங்க்ல கணக்கு பாக்குறவன். பின்னாடி ஒரு நல்ல மயக்க மருந்து டாக்டர் எனக்குப் புரியவெச்சதையும், அதுக்கப்புறம் நானா தேடிப் படிச்சதையும் சொல்றேன்.

நம்ம தொண்டைக்கு எலும்பு கிடையாது. ஈரத்துணிக் குழாய் மாதிரி. முழிச்சிருக்கும்போது சதைகள் இழுத்துப் பிடிச்சுத் திறந்து வெச்சிருக்கும். தூங்கும்போது தளரும். கழுத்தைச் சுத்தியும் நாக்குலயும் கொழுப்பு இருந்தா, தாடை சின்னதா இருந்தா, அந்தக் குழாய் ஒட்டிக்கும். பாதி ஒட்டினா குறட்டை. முழுசா ஒட்டினா மூச்சு நிக்கும். குறட்டை நின்னுடுச்சுன்னா வழி திறந்துடுச்சுன்னும் அர்த்தம் இருக்கலாம், மொத்தமா அடைச்சிடுச்சுன்னும் இருக்கலாம்.

இதுக்குப் பேருதான் ஸ்லீப் ஆப்னியா, தமிழ்ல தூக்க மூச்சுத்திணறல். இதோட லட்சக்கணக்கான பேரு தினமும் தூங்கி எழுந்திருக்காங்களே, எப்படி? மூளைக்குள்ள ஒரு கூர்க்கா இருக்கான். ஆக்ஸிஜன் இறங்குது, கரியமிலவாயு ஏறுதுன்னா விசில் ஊதுவான். ஆளு அரைத்தூக்கத்துல திமிறி, தொண்டை திறந்து, "ஹக்"குனு ஒரு மூச்சு. மறுபடி தூக்கம். மறுபடி அடைப்பு. மறுபடி விசில். ராத்திரிக்கு நூத்துக்கணக்கான தடவை. காலையில தலைவலி, பகல்ல தூக்கம், பி.பி. எல்லாம் இதனாலதான்.

மார்ஃபின், ஃபென்டனில், டிரமடால் மாதிரி ஓபியாய்டு மருந்துகள் என்ன பண்ணுது? வலியைக் குறைக்குது, சரி. கூடவே மூச்சுத் தாளத்தை மெதுவாக்குது. எல்லாத்துக்கும் மேல, அந்தக் கூர்க்காவைத் தூங்க வைக்குது. தூக்க மாத்திரை சேர்ந்தா கேக்கவே வேண்டாம். திருடன் வர்ற ராத்திரியில காவல்காரனுக்கு மயக்க பிஸ்கட் போட்ட கதை. இது புதுசும் இல்லை. ஓபியாய்டும் இந்த வகைத் தூக்க மாத்திரையும் சேரக்கூடாதுன்னு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எஃப்.டி.ஏ. 2016-லயே கறுப்புக் கட்டம் போட்டு எச்சரிச்சாச்சு. ப்ரீகாபலின் குடும்பத்துக்கு 2019 டிசம்பர்ல எச்சரிக்கை வந்தது.

சரி, 97 இருந்துச்சே? அதுதான் பெரிய ஏமாத்து வேலை.

கோவிட் வந்து நமக்கெல்லாம் ஒரு எண்ணைக் கத்துக்கொடுத்துட்டுப் போச்சு. 2020, 21-ல வீட்டுக்கு வீடு கிளிப் வாங்கினோம். 94-க்கு மேல இருந்தா நிம்மதி. ஆனா அந்தக் கிளிப் ரத்தத்துல ஆக்ஸிஜன் எவ்வளவுன்னு மட்டும்தான் சொல்லும். மூச்சு விடுறாரா, கரியமிலவாயு வெளிய போகுதான்னு சொல்லாது. மாஸ்க்ல ஆக்ஸிஜன் ஓடிக்கிட்டிருந்தா, மூச்சு பாதியாக் குறைஞ்சாலும் அந்த எண் ரொம்ப நேரம் அழகா நிக்கும். அடுப்படியில அரிசி மூட்டை நிறைய இருக்கு, புகைபோக்கி அடைச்சுக்கிச்சு. கிளிப் அரிசியை எண்ணிக்கிட்டே இருக்கும். புகையை யாரு பாக்குறது? எண் விழ ஆரம்பிக்கும்போது நேரம் கடந்திருக்கும்.

*

"உங்க சித்தப்பாவுக்கு ஏதோ நடந்துச்சுன்னு ஊரையே பயமுறுத்தாதீங்க பாஸ்"னு பின்னூட்டம் வரும்னு தெரியும். வாங்க, கணக்குக்கு வருவோம்.

அமெரிக்காவுல ஆபரேஷனுக்குப் பிறகு ஓபியாய்டால மூச்சு அடங்கி நஷ்டஈட்டு வழக்கான 92 சம்பவங்களை அலசி 2015-ல ஒரு மருத்துவ இதழ்ல கட்டுரை வந்தது. 88 சதவீதம் ஆபரேஷனான 24 மணி நேரத்துக்குள்ள நடந்தவை. 77 சதவீதத்துல முடிவு மரணம் அல்லது கடுமையான மூளைப் பாதிப்பு. 97 சதவீதம், நல்லாக் கண்காணிச்சு உடனே செயல்பட்டிருந்தா தடுத்திருக்கலாம்னு அலசினவங்க முடிவு பண்ணாங்க. என் வயித்தைக் கலக்கினது இன்னொரு எண். 62 சதவீதம் பேருக்கு, மூச்சு அடங்குறதுக்கு முன்னாடி "அசந்து தூங்குறார்"ங்கிறது கவனிக்கப்பட்டிருக்கு. அதாவது எச்சரிக்கை மணி அடிச்சிருக்கு. எல்லாரும் அதைத் தாலாட்டுன்னு நினைச்சிருக்காங்க.

வழக்கானது மட்டும்தானேன்னு கேப்பீங்க. 2020-ல ப்ராடிஜின்னு ஒரு ஆய்வு வெளிவந்தது. அமெரிக்கா, ஐரோப்பா, ஆசியான்னு பல ஆஸ்பத்திரிகள். சாதாரண வார்டுல ஊசி வழியா ஓபியாய்டு வாங்குற 1,335 பேருக்கு, வெளிய வர்ற மூச்சுல கரியமிலவாயுவை அளக்குற கருவியைத் தொடர்ச்சியா மாட்டிப் பார்த்தாங்க. 46 சதவீதம் பேருக்கு ஒரு தடவையாவது மூச்சு அடங்கியிருக்கு. பெரும்பாலானவங்க பிழைச்சுட்டாங்க, சரி. ஆனா நாலு மணி நேரத்துக்கு ஒருதடவை வந்து அட்டையில எழுதிட்டுப் போறதுல இது சிக்குமா? நர்ஸ் வந்து "சார்"னு கூப்பிட்டதும் ஆள் முழிச்சுக்குவார், மூச்சு சீராகும், நல்லா இருக்கார்னு எழுதுவாங்க. அவங்க கதவைச் சாத்தினதும் பழைய கதை.

நர்சுகளைத் திட்டல நான். அன்னிக்கு ராத்திரி எங்க சித்தப்பா இருந்த மாடி முழுக்க ரெண்டே ரெண்டு பொண்ணுங்க. எங்க நர்சுக்கு வயசு இருபத்திரண்டு இருக்கும், சம்பவத்துக்கு அப்புறம் படிக்கட்டுல உக்காந்து அழுதுச்சு. அதுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கல. கருவி வாங்கிக்கொடுக்கல. லாபியில பளிங்குத் தரையும் செயற்கை அருவியும் வெக்கிறவங்க, ராத்திரிக்கு மூணாவதா ஒரு நர்சை வெக்கல. என் கோவம் அங்க.

*

இப்ப அந்த "மார்ஃபின் அலர்ஜி"க்கு வர்றேன். இந்தப் பதிவோட ரெண்டாவது எதிரி இங்கதான் இருக்கான்.

2019-ல சித்தப்பாவுக்குப் பித்தப்பைக் கல். வேற ஊர், வேற ஆஸ்பத்திரி. துளை போட்டு எடுக்க ஆரம்பிச்சு, ஒட்டிப்போயிருக்குன்னு வயித்தைத் திறந்துட்டாங்க. வலது விலாவுக்குக் கீழ ஒரு ஜாண் வெட்டு. பழைய தாளைப் பார்த்தாங்க: மார்ஃபின் அலர்ஜி, எடை அதிகம், ஐ.சி.யூ. அவ்வளவுதான், கையைக் கட்டிக்கிட்டாங்க. "இவருக்கு எதுவும் குடுக்க முடியாது. ரிஸ்க். பாராசிட்டமால் மட்டும்தான்."

நரம்பை மரக்கவைக்கிற ஊசி போடலாமேன்னு கேட்கக்கூட அப்ப எனக்குத் தெரியாது. மூணு நாள் மனுஷன் பல்லைக் கடிச்சுக்கிட்டுக் கிடந்தார். மூச்சை இழுத்தா வெட்டு வலிக்குது, அதனால மேலோட்டமாவே மூச்சு. இருமினா உயிர் போகுது, அதனால இருமல. உக்காரல, நடக்கல. நாலாவது நாள் காய்ச்சல். நுரையீரலோட அடிப்பாகம் சுருங்கி, சளி தேங்கி, நிமோனியா. மறுபடியும் ஐ.சி.யூ., இந்தத் தடவை ஆறு நாள்.

புரியுதுங்களா? முதல் ஆஸ்பத்திரி மருந்தைக் குடுத்துட்டுப் பார்க்காமப் போச்சு. ரெண்டாவது ஆஸ்பத்திரி மருந்தே குடுக்காமப் போச்சு. ரெண்டு பேரும் அவரை மூச்சில்லாமக் கொல்லப் பார்த்தாங்க. ரெண்டு பேரும் தாள்ல எழுதினது ஒரே காரணம்: "நோயாளி குண்டு."

அலர்ஜின்னா உடம்பு தடிக்கணும், மூஞ்சி வீங்கணும், மூச்சுக்குழல் இறுகணும். மூச்சு மெதுவாகுறது அலர்ஜி இல்லை, அந்த மருந்தோட குணம். "நாங்க கவனிக்கல"ன்னு எழுதுறதுக்குப் பதிலா "அலர்ஜி"ன்னு எழுதிட்டா தப்பு மருந்து மேலயும் நோயாளி மேலயும் போயிடுது. எவ்வளவு வசதி!

இந்த பயத்துக்கு நம்ம நாட்டுல ஒரு சரித்திரமே இருக்கு. மத்தியப் பிரதேசத்துலயும் ராஜஸ்தான்லயும் அரசாங்க அனுமதியோட அபின் விளைய வெச்சு ஏற்றுமதி பண்ற தேசம் இது. 1985-ல வந்த போதைமருந்துச் சட்டத்துக்குப் பயந்து ஆஸ்பத்திரிகள் மார்ஃபின் வாங்கி வெக்கிறதையே விட்டுச்சு. புற்றுநோயாளிகள் வருஷக்கணக்குல வலியில கதறிச் செத்தாங்க. கேரளாவுல டாக்டர் எம்.ஆர். ராஜகோபால் மாதிரி ஆட்கள் இதுக்காகப் பல வருஷம் போராடி, 2014-ல சட்டம் திருத்தி, மார்ஃபின் உள்பட ஆறு மருந்துகளை "அத்தியாவசிய" மருந்துன்னு பிரிச்சாங்க. அமெரிக்காவுல மாத்திரையை அள்ளி வீசி ஊரைக் கெடுத்த கதையைப் பார்த்துட்டு வந்து, "ஓபியாய்டே வேண்டாம்"னு வாட்ஸப்புல வீரவசனம் பேசுறவங்க இதையும் கொஞ்சம் படிக்கணும். வலியோட விடுறது பாதுகாப்பு இல்லைங்க. அது சோம்பேறித்தனத்துக்குப் போட்ட வெள்ளைக்கோட்டு.

*

"அப்போ என்னதான் பண்ணணும்ங்கிறீங்க?"

2023-ல இடது முட்டி. இந்தத் தடவை சித்தி ஒத்துக்கவே இல்லை. நான்தான் அலைஞ்சு திரிஞ்சு ஒரு மயக்க மருந்து டாக்டரைப் பிடிச்சேன். நடுத்தர வயசு அம்மா. சித்தப்பா உள்ள வந்து உக்காந்ததும் அவங்க கேட்ட முதல் கேள்வி: "ஐயா, குறட்டை விடுவீங்களா?"

எனக்குக் கண்ணுல தண்ணி வந்துடுச்சு. ஆறு வருஷம் லேட்டா வந்த கேள்வி.

மேஜை டிராயர்ல இருந்து தையக்காரர் டேப் ஒண்ணை எடுத்துக் கழுத்தை அளந்தாங்க. எட்டு கேள்வி. டொரண்டோவுல ஃபிரான்சிஸ் சங்னு ஒரு டாக்டரோட குழு 2008-ல வெளியிட்டது, பேரு ஸ்டாப்-பேங். நீங்களும் வீட்ல கேட்டுப் பாருங்க:

1. மூடின கதவு வழியாக் கேக்குற அளவு குறட்டையா?
2. பகல்ல அசதி, தூக்கமா?
3. தூக்கத்துல மூச்சு நிக்கிறதை யாராவது பார்த்திருக்காங்களா?
4. பி.பி. இருக்கா?
5. பி.எம்.ஐ. 35-க்கு மேலயா?
6. வயசு 50-க்கு மேலயா?
7. கழுத்துச் சுற்றளவு 40 சென்டிமீட்டருக்கு மேலயா?
8. ஆணா?

ஒவ்வொரு 'ஆமாம்'க்கும் ஒரு மார்க். மூணு, நாலுன்னா நடுத்தர ஆபத்து. அஞ்சும் மேலயும்னா அதிக ஆபத்து. சித்தப்பா எட்டுக்கு எட்டு. "ஸ்கூல்ல கூட இப்படி சென்டம் எடுத்ததில்லலே"ன்னார் என்கிட்ட. :-)

இங்க ஒண்ணு கவனிக்கணும். அந்த 35-ங்கிற கோடு கனடாவுல போட்டது. நம்ம உடம்புவாகுக்கு 25-லயே உடல்பருமன்னு இந்திய டாக்டர்கள் 2009-ல ஒரு முடிவுக்கு வந்தாங்க. நம்ம ஊர்ல தொப்பை மட்டும் இருக்குற, பாக்க "குண்டு" இல்லாத ஆளுக்கும் இந்த வியாதி வரும். அதனால "நான் ஒல்லிதானே"ன்னு சிரிக்காதீங்க. பொம்பளைங்களுக்கும் வரும். மாதவிடாய் நின்னப்புறம் இன்னும் கூடும்.

அப்புறம் தூக்க ஆய்வு. மணிக்கு 52 தடவை மூச்சு அடைப்பு. முப்பதுக்கு மேல போனாலே கடுமையானது. சிபாப் மெஷின் மாட்டிவிட்டாங்க. 1981-ல சிட்னியில காலின் சல்லிவன்ங்கிற டாக்டர் கண்டுபிடிச்ச வித்தை. மாஸ்க் வழியா காத்தை லேசான அழுத்தத்துல ஊதிக்கிட்டே இருக்கும், தொண்டை ஒட்டாது. நாலு வாரம் வீட்ல பழகினார். மூணாவது வாரம் சித்தி போன் பண்ணி, "ஏலே, உங்க சித்தப்பா பகல்ல முழிச்சிருக்காருடா"ன்னாங்க, ஏதோ அதிசயம் மாதிரி.

ஆபரேஷனன்னிக்கு முதுகுல ஊசி. தொடையில நரம்பை மரக்கவைக்கிற ஊசி. முட்டியைச் சுத்தி மரப்பு மருந்து. வலி வந்தப்புறம் இல்லாம, கடிகாரத்தைப் பார்த்து பாராசிட்டமால். கிட்னியைச் சோதிச்சுட்டு ஒரு வீக்க மாத்திரை. இவ்வளவையும் தாண்டி வலி வந்தா, அப்ப மட்டும், கொஞ்சமா ஓபியாய்டு. ஆமாங்க, குடுத்தாங்க! ரெண்டு தடவை. அந்த அம்மா "அலர்ஜி"யை அடிச்சு, "அலர்ஜி இல்லை. கடுமையான தூக்க மூச்சுத்திணறல். தொடர் கண்காணிப்பு தேவை"ன்னு கைப்பட எழுதினாங்க. அளவை மொத்த எடைக்குக் கணக்குப் போடல. கொழுப்புக்கு மார்ஃபின் வேண்டியதில்லை, மூளைக்குத்தான். நூறு கிலோ ஆளோட மூளை நூறு கிலோ இல்லையே.

தூக்க மாத்திரை கிடையாது. தலைப்பக்கம் கட்டிலை உயர்த்தி, சொந்த சிபாப்பை மாட்டி, மூக்குல கரியமிலவாயு அளக்குற குழாய். பக்கத்துலயே நர்ஸ். மூச்சை ஒரு முழு நிமிஷம் எண்ணுவாங்க, பதினைஞ்சு விநாடி எண்ணி நாலால பெருக்குற வேலை இல்லை. தூங்கினா எழுப்புவாங்க. எழுப்பினா தெளிவா பதில் சொல்றாரா, பாதியில சொக்குறாரான்னு பார்த்து அதுக்கு ஒரு மார்க் போடுவாங்க. நான் ரெண்டாவது நாளே "வீட்டுக்குப் போலாமா?"ன்னேன். "மூணாவது ராத்திரிதான் இவங்களுக்கு அடைப்பு அதிகமாகும், விட்டுப்போன கனவுத்தூக்கம் அன்னிக்குத் திரும்பி வரும்"னு சொல்லி நிறுத்தி வெச்சாங்க.

அஞ்சாவது நாள் நடந்து வீட்டுக்கு வந்தார்.

*

"இதெல்லாம் பணக்காரங்களுக்கு சார், ஏழைக்கு எங்க?"ன்னு நியாயமாக் கேப்பீங்க. மெஷினுக்குச் சில பத்தாயிரம் ஆகும், மறுக்கல. ஆனா எட்டு கேள்விக்கு என்ன செலவு? தையக்காரர் டேப் என்ன விலை? கட்டில் தலைப்பக்கத்தை உயர்த்த? மூச்சை எண்ண? ஓபியாய்டோட தூக்க மாத்திரை எழுதாம இருக்க எவ்வளவு ஆகும்? எழுதாம இருந்தா மிச்சம்தான்! அமெரிக்க மயக்க மருந்து டாக்டர்கள் சங்கம் இதுக்கான வழிமுறையை 2006-ல போட்டு, 2014-ல புதுப்பிச்சாச்சு. அறிவு கைவசம் இருக்கு. கேக்குற பழக்கம்தான் இல்லை.

"உடம்பைக் குறைக்கச் சொல்லுங்க முதல்ல"ன்னு ஒருத்தர் வருவார். குறைக்கட்டும், நல்லதுதான். ஆனா இன்னிக்கு ராத்திரி வலிக்குதே, அதுக்கு என்ன பதில்? வலி நிவாரணம்ங்கிறது ஒல்லியா இருக்குறவங்களுக்குக் குடுக்குற பரிசா? ரெண்டு ஆஸ்பத்திரியிலயும் எங்க சித்தப்பா உடம்பைப் பத்தி ஆளுக்கு அரை மணி நேரம் பிரசங்கம் பண்ணாங்க. அந்த நேரத்துல எட்டு கேள்வி கேட்டிருக்கலாம்.

பிள்ளை பெத்தவங்களுக்கும் ஒண்ணு. டான்சில் ஆபரேஷன் பண்ற பசங்கள்ல பல பேரு குறட்டையாலதான் அங்க வர்றாங்க. டான்சில் ஆபரேஷனுக்கு அப்புறம் குழந்தைகளுக்குக் கோடீன் கூடாதுன்னு எஃப்.டி.ஏ. 2013-லயே சொல்லிடுச்சு. 2017-ல டிரமடாலையும் சேர்த்துச்சு. 12-ல இருந்து 18 வயசுக்குள்ள குண்டா இருக்குற, தூக்கத்துல மூச்சுத்திணறுற பிள்ளைகளுக்கு ரெண்டும் வேண்டாம்னும் சொன்னது. சில உடம்பு இதையெல்லாம் சடசடன்னு வீரியமான மருந்தா மாத்திடும், அதுதான் காரணம்.

நம்ம பதிவுலகத்துல அந்தக் காலத்துல கும்மி அடிச்ச முக்கால்வாசிப் பேரு இப்ப அம்பதைத் தொட்டாச்சு. தொப்பையும் வந்தாச்சு, குறட்டையும் வந்தாச்சு. நாளைக்கு முட்டியோ, பித்தப்பையோ, குடலிறக்கமோ வரும். அதனால நான் கேக்குறது இவ்வளவுதான்:

ஆபரேஷனுக்கு முன்னாடி, யாரும் கேக்கலைன்னாலும், "நான் குறட்டை விடுவேன், மூச்சு நிக்குதாம்"னு நீங்களே சொல்லுங்க. சிபாப் இருந்தா பல்துலக்கிக்கு முன்னாடி அதைப் பையில எடுத்து வைங்க. ராத்திரி வழக்கமாப் போடுற தூக்க மாத்திரையைப் பத்தியும், சாயந்திர சரக்கைப் பத்தியும் கூச்சப்படாமச் சொல்லுங்க. "ராத்திரி மூச்சை யாரு, எத்தனை மணிக்கொருதடவை பார்ப்பாங்க?"ன்னு கேளுங்க. "வலிக்கு என்ன தருவீங்க?"ன்னும் கேளுங்க. ரெண்டையும் கேளுங்க. ஒண்ணுக்குப் பதில் சொல்லி இன்னொண்ணை விட்டா ஒத்துக்காதீங்க. கூடத் தங்குறவங்க, ஊசி போட்ட ஆளு பெருங்குறட்டை விட்டா தட்டி எழுப்புங்க. முழிச்சுத் தெளிவாப் பேசலைன்னா மரியாதை பாக்காம வராண்டாவுல நின்னு கத்துங்க. லூசுன்னு சொல்லுவாங்க. சொல்லட்டும்.

சித்தப்பா இப்ப தினமும் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடந்து போய் டீ குடிச்சுட்டு வர்றார். ராத்திரி மாஸ்க்கை மாட்டிக்கிட்டுப் படுத்தா, காத்து போய்வர்ற சத்தம் மட்டும்தான். சித்திக்குத்தான் பிரச்சினை. நாப்பது வருஷமா குறட்டையிலயே தூங்கிப் பழகினவங்க. ராத்திரி ரெண்டு தடவை எழுந்து, அவர் நெஞ்சுல கை வெச்சுப் பார்த்துட்டுத்தான் படுக்குறாங்களாம்.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை. இதைப் படிச்சுட்டு யாரும் டாக்டர் எழுதின மருந்தைத் தானா நிறுத்தாதீங்க, குறைக்காதீங்க. போய்க் கேளுங்க. கேள்வி கேக்குறது நம்ம உரிமை.

பி.கு: மருத்துவப் பதிவர்கள் யாராவது இருந்தா, நான் சொன்னதுல தப்பு இருந்தா பின்னூட்டத்துல கிழிச்சுத் தொங்கவிடுங்க, திருத்திக்கிறேன். "குண்டா இருந்தா அனுபவிக்க வேண்டியதுதான்" டைப் பின்னூட்டம் மட்டும் வேண்டாம். அதுக்கு மட்டுறுத்தல் உண்டு.